பேட்டரி பட்டையும் முட்டை போட்ட பிளேனும்

அஞ்சுக்கு ஒரு ஸ்டார். அந்த ஒன்றும் தையலுக்காக.

ரிமோட் பிளேன் விடுகிறவர்களுக்கு எழுதுகிறேன். பிளேன் வயிற்றுக்குள் பேட்டரியை இறுக்கிப் பிடிக்கும் வெல்க்ரோ பட்டை, ஐந்து 300 ரூபாய் என்று ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். கடைப் பெயர் வேண்டாம், பட்டையிலும் கம்பெனி பெயர் எதுவும் கிடையாது. ஒரு ஜாண் நீளம், கறுப்பு, பேட்டரி வழுக்காமல் இருக்க உள்பக்கம் ரப்பர் ஒட்டியிருக்கும். கடையில் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், கல்லு மாதிரி நின்றது.

சரி, மேலே போனால்?

மானூர்ப் பெரியகுளம் வற்றிக் கிடந்த ஆடி மாதம். செங்கோட்டைக் கணவாய்க் காற்று முழுசாக எழும்புவதற்குள் இரண்டு ரவுண்டு விட்டுவிடலாம் என்று காலை ஆறு மணிக்கே போயிருந்தேன். தெர்மோகோல் மாதிரி ஃபோம் பிளேன், 1.4 மீட்டர் இறக்கை, எடை ஒரு கிலோவுக்குப் பக்கம். அதில் 2200 எம்ஏஎச் பேட்டரி மட்டும் 180 கிராம் இருக்கும். மேலே ஏறிய கொஞ்ச நேரத்திலேயே மூக்கு தானாகத் தூக்க ஆரம்பித்தது. பேட்டரி இரண்டு விரல் அளவு பின்னால் நகர்ந்தாலே பேலன்ஸ் மாறி மூக்கு தூக்கும், இது எனக்குத் தெரியாத விஷயமா என்ன, ஆனாலும் காற்றாக இருக்கும் என்று ரிமோட்டில் மூக்கை நேர்ப்படுத்தும் டிரிம் பட்டனை இரண்டு தட்டுத் தட்டிச் சரிசெய்துவிட்டு விட்டுக்கொண்டே இருந்தேன். இது என் தப்பு, பட்டை மேல் போட முடியாது.

அப்புறம் பிளேனைத் தலைகீழாகத் திருப்பினேன். நேராகப் பறக்கும்போது பேட்டரி தரையில் உட்கார்ந்திருக்கும், தலைகீழாகப் போனால் அதன் கனம் முழுக்கப் பட்டையில் தொங்கும். மேல்மூடி முதலில் பறந்தது, அதைப் பிடித்திருந்தது மிளகு சைஸ் காந்தம் இரண்டுதான். பேட்டரி வெளியே வந்து ஒரு நொடி வயரில் தொங்கியதைக் கண்ணால் பார்த்தேன். பிறகு கனெக்டர் பிடுங்கிக்கொண்டது. பிளேனுக்குள் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் கரண்ட் அதே பேட்டரியில் இருந்துதான் வருகிறது, அதனால் மோட்டார் மட்டுமல்ல, கையில் இருக்கிற ரிமோட்டும் அந்த நொடியிலிருந்து சும்மா பிளாஸ்டிக். பிளேன் தன்னிஷ்டத்துக்கு ஒரு வட்டம் அடித்துக் கரையோரச் சீமைக்கருவேலத்தில் போய்ச் செருகியது.

தூரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: “அண்ணாச்சி, ஒங்க பிளேனு முட்டை போட்டுச்சே, பாத்தீயளா?”

சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷம் வயிற்றைக் கலக்கியது. அறுபது மீட்டர் உயரத்தில் இருந்து 180 கிராம் கட்டி விழுந்தால் தரைக்கு வரும்போது எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகம் இருக்கும். அவருடைய ஆடுகள் கொஞ்சம் தள்ளித்தான் நின்றன. மூலை நசுங்கிக் கிடந்த பேட்டரி அரை மணியில் அப்பளமாக உப்பியது. மணலைத் தோண்டி அதன் மேல் போட்டுவிட்டுத் தூரப் போய் நின்றேன், லித்தியம் பேட்டரி இப்படி அடிபட்டால் எப்போது வேண்டுமானாலும் தீப்பிடிக்கும்.

பட்டை அறுந்திருக்கும் என்று நினைத்தேன். அறுகவில்லை. தையல் அப்படியே இருந்தது, வெல்க்ரோ முள்ளும் பிரியவில்லை. ரப்பரை ஒட்டிய பசைதான் கார் டிக்கி வெயிலில் இளகியிருக்கிறது. விரலால் தள்ளினேன், ரப்பர் தனி, பட்டை தனி, புளியம்பழமும் ஓடும் மாதிரி. பேட்டரி அந்த வழுக்கலில்தான் நழுவி வந்திருக்கிறது. மீதி நாலு பட்டையும் அதே டிக்கியில்தான் கிடந்தன, அவையும் அப்படியே. கடைக்கு எடுத்துப் போனால், “நீங்க டைட்டா கட்டலை அண்ணாச்சி” என்று முடித்துவிட்டார்கள்.

விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்து ரிட்டயர் ஆன சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் பட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஒத்தப் பூட்டுல எதையாவது மேல ஏத்துவாங்களால? நெஜ பிளேன்ல நட்டை முறுக்கின பொறவும் அதுல இருக்குற ஓட்டையில கம்பி கோத்து முறுக்குவோம். நட்டு கழல நெனச்சா கம்பி அதை இறுக்குற பக்கமா இழுக்கும்.” செஸ்னா 172 மாதிரி இறக்கை மேலே இருக்கிற விமானத்தில் பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டால், இறக்கைக்கு மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் டேங்கில் இருக்கிறதை வானமே உறிஞ்சிவிடுமாம். அப்புறம் கான்கார்டு பயணிகள் விமானத்துக்குப் போய்விட்டார். 2000 ஜூலை 25, பாரிஸ், முன்னால் கிளம்பிப் போன டிசி-10 விமானத்தில் இருந்து ரன்வேயில் விழுந்த ஒரு டைட்டானியம் தகடு, அரை மீட்டர்கூட இல்லை, அது கான்கார்டின் டயரைக் கிழித்து, விமானம் தீப்பிடித்து விழுந்து 113 பேர் செத்தார்கள். நான் கேட்டது பட்டையைப் பற்றி, ஆனால் சித்தப்பா பேச ஆரம்பித்தால் அப்படித்தான்.

இப்போது ரப்பர் ஒட்டாமல், சிலிகான் துணியோடு சேர்த்தே நெய்த பட்டை வாங்கியிருக்கிறேன், ஒன்று 110 ரூபாய். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, பேட்டரிக்கு அடியில் வெல்க்ரோ, மூடி மேல் ஒரு துண்டு செலோடேப். பார்க்க அசிங்கமாக இருக்கிறது. ஆனால் இரண்டு மாதமாக எதுவும் விழவில்லை.

பழைய ஐந்து பட்டைகளையும் வீட்டில் எடுத்துக்கொண்டார்கள், முருங்கைக்கீரைக் கட்டுக்கும் மிக்ஸி வயருக்கும். அந்த வேலைக்கு வேண்டுமானால் அஞ்சு ஸ்டார் கொடுக்கலாம்.