சிட்னி ரிடையர்மென்ட் வில்லேஜ்: காலையில அருமை, ராத்திரிக்கு பக்கத்து வீட்டு தாத்தாதான்

பெரியம்மாவுக்கு 81 வயசு. பெரியப்பா போனப்புறம் அந்தப் பெரிய வீட்ல தனியா இருக்க முடியலன்னு 2023ல மேற்கு சிட்னில ஒரு ரிடையர்மென்ட் வில்லேஜுக்கு (வயசானவங்களுக்குன்னே கட்டின வீடுகள் இருக்கிற வளாகம்) கூட்டிட்டு வந்துட்டோம், அண்ணன் பெர்த்ல இருக்கான், அதனால போக்குவரத்து எல்லாம் நான்தான். வில்லேஜ் பேரைப் போட்றாதடா, நான் அங்கதான் இருக்கணும்னு பெரியம்மா சொல்லிட்டாங்க, அதனால பேர் கேக்காதீங்க.

வீடு, தோட்டம், கம்யூனிட்டி ஹால் எல்லாம் நல்லாவே இருக்கு. நீச்சல் குளத்துல மட்டும் இதுவரைக்கும் ஒரு ஆளைப் பாத்ததில்ல. நான் எழுத வந்தது அவங்க "ஷேர்டு கேர்"னு சொல்ற ஏற்பாட்டைப் பத்தி, அதாவது வில்லேஜ்ல இருக்கிற பல பேர் ஒரே கேர் ஆளுங்களைப் பகிர்ந்துக்கிறது.

முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு சொன்னாதான் புரியும். பெரியம்மாவுக்கு ரெண்டு வேளை இன்சுலின், முட்டி வலி வேற, குளிக்க ஆள் வேணும். வீட்டுக்கே ஆள் வந்து உதவுறதுக்கு அரசாங்கம் காசு குடுக்கும், அதுக்கு 2025 ஆரம்பத்துல மை ஏஜ்டு கேர்ல (அரசாங்கத்தோட முதியோர் பராமரிப்பு சேவை) அசெஸ்மென்ட் பண்ணி அப்ரூவல் லெட்டரும் வந்துருச்சு, ஆனா காசு வரல, அந்த வருஷம் நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல இதே க்யூல நின்னாங்க. அதுவரைக்கும் கைக்காசுல வெளி ஏஜென்சி ஒண்ணு வெச்சோம். அவங்களுக்கு குறைஞ்சது ஒரு மணி நேர பில், வர்ற தூரத்துக்குத் தனியா சார்ஜ். குளிக்க வெக்கிற பொண்ணு பத்தரைக்குதான் வரும், இன்சுலின் போட நர்ஸ் ஏழரைக்கே வந்துருவாங்க. பெரியம்மா குளிச்சு விளக்கேத்தாம பச்சத்தண்ணி பல்லுல படாத ஆளு. ஊசி போட்டுக்கிட்டு பத்தரை வரைக்கும் சாப்பிடாம உக்காந்திருந்தா என்ன ஆகும்? ஒரு நாள் சுகர் இறங்கி, வேர்த்துக் கொட்டி, டம்ளரைக்கூட பிடிக்க முடியல. ஏஜென்சில கேட்டா ரோஸ்டர் அப்படித்தான், ஆள் இல்லன்னு ஒரே பதில்.

2025 நவம்பர் 1ல புது ஏஜ்டு கேர் சட்டம் வந்து அந்த உதவிக்கு இருந்த பழைய ஹோம் கேர் பேக்கேஜ் திட்டம் போய் சப்போர்ட் அட் ஹோம்னு புதுத் திட்டம் ஆச்சு, கொஞ்ச நாள்ல பெரியம்மாவுக்கும் பட்ஜெட் வந்துச்சு, வில்லேஜோட டை-அப் வெச்சிருக்கிற ப்ரொவைடர்கிட்டயே (கேர் ஆளுங்களை அனுப்புற கம்பெனி) சேத்துட்டோம். இதுல விஷயம் ரொம்ப சிம்பிள். வில்லேஜ்ல பதினாலு பேர் ஒரே ப்ரொவைடர்கிட்ட இருக்காங்க, அதனால காலை ஆறரைலேர்ந்து மதியம் ரெண்டு வரைக்கும் ரெண்டு கேர் ஒர்க்கரும் ஒரு நர்ஸும் அங்கயேதான் சுத்திட்டு இருப்பாங்க. ஊர் பூரா கார்ல அலையிற நேரம் மிச்சம், பத்து நிமிஷ வேலைக்கு பத்து நிமிஷம்தான் கணக்கு. இப்போ ஏழு மணிக்கு குளியல், ஏழரைக்கு விளக்கு, ஏழே முக்காலுக்கு ஊசி, உடனே இட்லி. நேபாளத்துப் பொண்ணு ஒண்ணு வருது, அதுவா பாத்து குளியலை முன்னாடி தள்ளி வெச்சுச்சு, நாங்க கேக்கக்கூட இல்ல. இந்த ஒண்ணுக்காகவே அஞ்சு ஸ்டார் குடுக்கலாம்.

காசு பத்தி சொல்றேன். நர்ஸ் வந்து ஊசி போட்டா நம்ம பங்கு எதுவும் கிடையாது, அரசாங்கமே முழுசா குடுக்குது. ஆனா குளிக்க வெச்சா 5%, வீடு கூட்டித் துடைச்சா 17.5% (இது நாங்க சேந்தப்போ முழு பென்ஷன்காரங்களுக்கு இருந்த கணக்கு, சொத்து இருக்கிறவங்களுக்கு ரொம்ப எகிறும்). குளியல் எப்படிம்மா மருத்துவத்துல வராதுன்னு பெரியம்மா மேனேஜர் பொண்ணுகிட்ட கேட்டாங்க, அது பாவம் சிரிச்சுட்டு போயிருச்சு. பட்ஜெட்லேர்ந்து 10% கேர் மேனேஜ்மென்ட்டுக்கு, அதாவது யார் எப்ப வரணும்னு ஏற்பாடு பண்ற வேலைக்குப் போயிரும். இது எல்லாம் வில்லேஜ் மெயின்டனன்ஸ் சார்ஜுக்கு மேல. வில்லேஜ் காண்ட்ராக்ட் வேற, கேர் காண்ட்ராக்ட் வேற, சேல்ஸ் ஆளு ரெண்டையும் ஒண்ணு மாதிரியே பேசுவாரு, ஏமாந்துராதீங்க. வீடு வாங்கினோம்னு சொல்லிக்கிறோமே தவிர பத்திரம் நம்ம பேர்ல கிடையாது, லோன்-லைசென்ஸ்தான் (நம்ம காசை அவங்களுக்குக் கடனாக் குடுத்து, இருக்கிற உரிமையை மட்டும் வாங்குறது), எங்களுக்கு வருஷம் 5% வீதம் ஆறு வருஷத்துல 30% வெளியேறும்போது பிடிச்சுக்குவாங்க.

இப்ப குறை. ராத்திரி அங்க ஒரு ஈ காக்கா கிடையாது. போன மார்ச்ல ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போகும்போது வழுக்கி விழுந்துட்டாங்க. கழுத்துல தொங்குற பட்டனை அழுத்தினா எங்கயோ இருக்கிற கால் சென்டருக்குப் போகுது, அவங்க ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு எனக்கு போன் பண்றாங்க, நான் 35 நிமிஷ தூரத்துல இருக்கேன். கதவைத் திறந்தது பக்கத்து வீட்டு கிரேக்க தாத்தா, 84 வயசு, அவர்கிட்ட ஸ்பேர் சாவி இருந்ததால தப்பிச்சோம். எலும்பு முறியல, தோள்ல ரத்தக்கட்டு மட்டும். மறுநாள் மேனேஜர்கிட்ட சண்டைக்குப் போனேன், அவங்க காண்ட்ராக்ட்டைத் திருப்பிக் காட்டினாங்க, 24 மணி நேரமும் ரெஜிஸ்டர்டு நர்ஸ் இருக்கணும்னு 2023 ஜூலைலேர்ந்து இருக்கிற ரூல் நர்சிங் ஹோமுக்குத்தான் (ஆள் வெச்சு முழு நேரமும் பாத்துக்கிற முதியோர் இல்லம்), வில்லேஜ் வெறும் வீடுதான், மாநில சட்டத்துல வருது. பேப்பர்ல அவங்க சொல்றது சரிதான். ஆனா விளம்பரத்துல "நிம்மதியான தூக்கம்"னு போட்டிருந்தானே, அது யார் தூக்கம்?

அப்போ நர்சிங் ஹோமுக்கே போயிடலாமேன்னு கேப்பீங்க. எங்க ஏரியால மூணு இடத்துல கேட்டோம், மூணுலயும் வெயிட்டிங் லிஸ்ட். பெட் கிடைக்காம ஆஸ்பத்திரிலயே வாரக்கணக்குல கிடக்கிற பெரியவங்களை நேர்ல பாத்திருக்கேன். அதனாலதான் இந்த ஏற்பாட்டை நான் முழுசா திட்ட மாட்டேன், குளியல் ஊசி அளவுக்கு உதவி வேணும்ங்கிறவங்களுக்கு இது உண்மையிலயே வேலை செய்யுது. ராத்திரி எழுந்து நடமாடுறவங்க, டிமென்ஷியா ஆரம்பிச்சவங்கன்னா வேண்டவே வேண்டாம்.

சாப்பாடு பத்தி ஒரு வரி: வில்லேஜ்ல வெஜிடேரியன்னு சொன்னா எப்பப் பாத்தாலும் பூசணிக்கா சூப்தான். நான் ஞாயித்துக்கிழமை மாவாட்டி கொண்டுபோய் குடுத்துர்றேன்.

நியூ சவுத் வேல்ஸ்ல முதல் 90 நாள்ல பிடிக்கலன்னா அந்த எக்ஸிட் பிடித்தம் இல்லாம வெளிய வரலாம், அந்த 90 நாளுக்குள்ள ஒரு ராத்திரி நீங்களே அங்க தங்கிப் பாருங்க, பட்டனை ஒரு தடவை டெஸ்டுக்கு அழுத்திப் பாருங்க. பெரியம்மா விழுந்த அப்புறம்தான் நாங்க வாசல்ல நம்பர் லாக் போட்ட சாவிப்பெட்டி மாட்டினோம், 40 டாலர்கூட ஆகல, வில்லேஜ் பர்மிஷன் குடுக்கத்தான் மூணு வாரம் ஆச்சு.