விதையில்லாப் பச்சைத் திராட்சை: இந்த சீசனில் மூன்று இடத்தில் வாங்கிப் பார்த்தது

மதுரைக்காரர்களுக்குத் திராட்சை என்றால் முதலில் நினைவுக்கு வருவது கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சைதான். கறுப்பு, விதை உண்டு, வாசனை தூக்கும், வருடம் முழுக்கக் கிடைக்கும், 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்பது விதை இல்லாத பச்சைத் திராட்சையை. அது மகாராஷ்டிராவில் நாசிக், சாங்லி பக்கமிருந்தும், கர்நாடகத்தில் விஜயபுரா பக்கமிருந்தும் வருகிற சரக்கு. ஜனவரியில் தலைகாட்டி ஏப்ரலோடு முடிந்துவிடும். இந்த முறை சூப்பர் மார்க்கெட், தள்ளுவண்டி, மாட்டுத்தாவணி பழ மார்க்கெட் என்று மூன்று இடத்திலும் வாங்கினேன். மூன்றும் ஒரே பழம் என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்கு வித்தியாசம், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சூப்பர் மார்க்கெட், ஜனவரி இரண்டாம் வாரம். அரைக் கிலோ பிளாஸ்டிக் டப்பா, 90 ரூபாய். மேலே பார்த்தால் பளபளவென்று பச்சையாக, கல் மாதிரி கெட்டியாக இருந்தது. வீட்டில் வந்து கவிழ்த்தால் அடியில் நாலைந்து பழம் வெடித்து, சாம்பல் நிறத்தில் பூஞ்சை பிடித்து, பக்கத்துப் பழங்களெல்லாம் ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மிச்சமிருந்தது அத்தனையும் புளிப்பு. சரி, இரண்டு நாள் வெளியே வைத்தால் பழுக்கும் என்று வைத்தேன், பழுக்கவே இல்லை. மாம்பழம், வாழைப்பழம் மாதிரி திராட்சை பறித்த பிறகு பழுக்காது, கொடியில் எவ்வளவு இனிப்பு ஏறியதோ அவ்வளவுதான். மகாராஷ்டிரா பக்கம் அக்டோபர் வாக்கில் கவாத்து செய்தால், அதாவது கொடியைக் கத்தரித்துவிட்டால், நாலரை மாதம் கழித்து, பிப்ரவரி கடைசி, மார்ச்சில்தான் முழு இனிப்போடு பழம் வரும். நல்ல விலை கிடைக்கிறதே என்று முன்னாடியே பறித்து அனுப்புவதுதான் ஜனவரியில் நம் கைக்கு வருகிறது. எனவே பொங்கல் நேரத்தில் பச்சைத் திராட்சை வாங்காதீர்கள். டப்பாவில் வாங்கியே ஆகவேண்டும் என்றால், கையில் எடுத்ததும் அதைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே வியர்த்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்து எங்கள் தெருமுனைத் தள்ளுவண்டி, பிப்ரவரி கடைசி. பொதுவாக வண்டியில் என்ன செய்வோம், கொத்தின் மேல்பக்கம் ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போடுவோம், இனித்தால் ஒரு கிலோ போடச் சொல்வோம். நானும் கை நீட்டினேன். வண்டிக்கார அண்ணன் தடுத்து, "மேல உள்ளத எடுக்காதீங்கக்கா, நுனிப் பழத்தக் கிள்ளிப் பாருங்க, அது இனிச்சா முழுக் கொத்தும் இனிக்கும்" என்றார். இத்தனை வருடம் திராட்சை வாங்கி எனக்கு யாரும் சொல்லாத விஷயம். காம்போடு சேர்ந்த தோள்பக்கம்தான் முதலில் பழுக்கும், தொங்குகிற நுனி கடைசியில். மேலே உள்ளதைச் சாப்பிட்டுவிட்டு வாங்கினால் கொத்தின் நல்ல பாதியை மட்டும் பார்த்து வாங்கியதாக ஆகிவிடும். வேறு இரண்டு கொத்தில் சோதித்தேன், மேலே தேன், நுனியில் புளிப்பு. அவர் எடுத்துக் கொடுத்த கொத்தில் இரண்டு முனையும் ஒன்றுபோல் இருந்தது. கிலோ 120, ஒரு ரூபாய்கூட வீண் இல்லை.

நிறமும் ஏமாற்றும். கண்ணைப் பறிக்கிற பச்சையைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள், ஆனால் லேசாக மஞ்சள் ஓடி, வெயிலில் பிடித்தால் உள்ளே வெளிச்சம் தெரிகிற பழம்தான் இனிக்கும். பழம் மஞ்சளாக இருக்கலாம், காம்பு மட்டும் பச்சையாக இருக்கவேண்டும். காம்பு பழுப்பாகிச் சுருங்கியிருந்தால் பறித்து நாளாயிற்று, லேசாக ஆட்டினால் பழம் உதிரும். தோலில் மாவு தடவினாற்போல் இருப்பதைப் பார்த்து மருந்து என்று பயப்படுகிறார்கள். சீராகப் படிந்து விரலால் தேய்த்தால் போகிற அந்த வெள்ளை, பழமே உண்டாக்கிக்கொள்ளும் மெழுகு. அது இருந்தால் பழத்தை அதிகம் பேர் கைவைக்கவில்லை என்று அர்த்தம். சொட்டுச் சொட்டாகக் காய்ந்த கறை வேறு, அது தெளித்த மருந்தாக இருக்கலாம். எதுவானாலும் சாப்பிடும்முன் ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள்.

மார்ச்சில் பக்கத்து வீட்டு அக்காவோடு பங்கு போட்டுக்கொண்டு மாட்டுத்தாவணியில் முழுப் பெட்டியாகவே வாங்கினோம். இதுதான் இந்த வருடத்தின் சிறந்த திராட்சை, சந்தேகமே இல்லை. ஒரு பக்கம் முட்டை வடிவத் தாம்சன், இன்னொரு பக்கம் விரல் மாதிரி நீண்ட சோனாகா. தாம்சன் என்பது துருக்கி, ஈரான் பக்கத்துப் பழைய ரகம்தான், 1870களில் கலிபோர்னியாவில் வில்லியம் தாம்சன் என்பவர் வளர்த்ததால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து நம் நாட்டில் கிளைத்தது சோனாகா. சோலாப்பூர், நான்னஜ் கிராமம், அதை உருவாக்கிய காளே என்கிற விவசாயி, மூன்றின் முதலெழுத்தும் சேர்ந்த பெயர் அது. என் வாய்க்கு சோனாகாதான், கடித்தால் மொறுக்கென்று இருக்கிறது. சமையலுக்குத் தாம்சன் போதும்.

பெட்டிக்குள் பழத்தின்மேல் ஒரு தாள் விரித்திருப்பார்கள், பூஞ்சை வராமலிருக்கக் கந்தக வாயுவை மெதுவாக விடுகிற தாள். வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் போட்டுவிட்டுப் பழத்தைக் கொஞ்சம் காற்றாட வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கிற வீட்டில் இதைக் கண்டிப்பாகச் செய்யவேண்டும்.

வைத்திருப்பதில் நான் செய்துவந்த பெரிய தப்பு, வந்ததும் மொத்தமாகக் கழுவி ஃபிரிட்ஜில் வைத்தது. மூன்றாம் நாளே வழவழத்துவிடும். இப்போது வெடித்தது, அழுகியது மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, கழுவாமல், காம்போடு, ஓட்டை போட்ட கவரில் சுருட்டி ஃபிரிட்ஜின் உள்பக்கச் சுவர் ஓரம், அதாவது நல்ல குளிர் இருக்கிற இடத்தில் வைக்கிறேன், வேண்டிய கொத்தை மட்டும் வெட்டிக் கழுவிக்கொள்கிறேன், பத்து நாள் தாராளமாக நிற்கிறது. கதவில் வைக்காதீர்கள். நறுக்கிய வெங்காயத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம், வாடையை இழுத்துக்கொள்ளும். மிஞ்சினால் கழுவித் துடைத்து ஃப்ரீசரில் உதிரியாகப் பரப்பி உறைய வைக்கலாம், மே மாத வெயிலில் பெரியவர்கள் வாயில் போட்டுக்கொள்ள அருமையாக இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு உறையவைத்ததைக் கொடுக்காதீர்கள், ஃப்ரெஷ் பழத்தையும் முழுசாகத் தரக்கூடாது. தொண்டையில் சரியாகப் போய் அடைக்கிற அளவு அது. நீளவாக்கில் நாலாக வெட்டிக் கொடுங்கள், விதை இல்லையே என்ற நினைப்பில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

சமையலுக்கு வருகிறேன். அந்த ஜனவரிப் புளிப்பு டப்பாவை நான் குப்பையில் போடவில்லை, பச்சடி செய்தேன். மாங்காய்ப் பச்சடி மாதிரியேதான். நல்லெண்ணெயில் கடுகு, வரமிளகாய் தாளித்து, கால் கிலோ திராட்சையை இரண்டாக நறுக்கிப் போட்டு, உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், அரை ஸ்பூன் மிளகாய்த்தூள், தோல் சுருங்கும்வரை ஏழெட்டு நிமிடம் வதக்கி, இரண்டு ஸ்பூன் பொடித்த வெல்லம். திராட்சையே நிறைய நீர் விடும், தண்ணீர் ஊற்றவேண்டாம். சப்பாத்திக்கும் தயிர் சாதத்துக்கும் தொட்டுக்கொண்டால் அப்படி இருந்தது. இனிப்புப் பழத்தில் செய்தால் இந்த ருசி வராது, ஜாம் மாதிரி ஆகிவிடும்.

ரசத்துக்கும் புளிப்புப் பழம்தான். வழக்கமாகப் போடும் புளியில் பாதி போதும், அரைக் கப் திராட்சையை அரைத்து வடிகட்டி, புளியும் பொடியும் பருப்புத் தண்ணீரும் கொதித்து அடங்கிய பிறகு சாற்றை ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்கிவிடவேண்டும். கொதிக்கவிட்டால் அந்த வாசனை போய்விடும்.

தயிர் சாதத்துக்கு மட்டும் மார்ச் மாதத்து இனிப்புப் பழம். டிபன் பாக்ஸில் கட்டுவதாக இருந்தால் நறுக்கிப் போடாதீர்கள், சாறு இறங்கி மதியத்துக்குள் சாதம் நீர்த்துவிடும். தனியே ஒரு சின்ன டப்பாவில் கொடுத்துவிடுங்கள், பெரியவர்களுக்கு முழுசாக, சின்னப் பிள்ளைகளுக்கு முன்னே சொன்னபடி நாலாக வெட்டி.

அப்புறம் உதிரி. கொத்திலிருந்து கழன்று விழுந்ததை வியாபாரிகள் தனியாகக் குவித்து பாதி விலைக்குத் தருவார்கள். மார்ச் கடைசியில் இரண்டு கிலோ உதிரி வாங்கி, கெட்டதைப் பொறுக்கிவிட்டு, இட்லிச் சட்டியில் நிறம் மாறும்வரை ஆவியில் வைத்து, மொட்டைமாடியில் வேட்டி விரித்துக் காயப்போட்டேன். ஆவியில் வைக்காமல் காயப்போட்டால் அந்த மெழுகுத்தோல் ஈரத்தை விடாது, பல நாள் இழுக்கும். நாலு வெயிலில் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக உலர்திராட்சை கிடைத்தது. கடையில் இருப்பதுபோல் பச்சைமஞ்சளாக வரவில்லை, அவர்கள் பொட்டாசியம் கார்பனேட்டும் எண்ணெயும் கலந்த நீரில் முக்கி நிழலில் உலர்த்துகிறார்கள். என்னுடையது பழுப்பு. ஆனால் நெய்யில் போட்டதும் பந்துபோல உப்பியது, பாயசத்துக்கு எடுத்து வைத்திருந்ததில் பாதியைப் பிள்ளைகள் அப்படியே தின்று தீர்த்துவிட்டார்கள்.