ஏஎம்4-ஆ, ஏஎம்5-ஆ?

குறைந்த பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர் கட்டும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது சாக்கெட்டை, அதாவது மதர்போர்டில் ப்ராசசர் பொருந்தும் இடத்தைத்தான். ராமும் மதர்போர்டும் அதற்கேற்பவே அமையும்.

ஏஎம்டி ப்ராசசர்களுக்கான சாக்கெட்டுகளில் ஏஎம்4 டிடிஆர்4 ராமை மட்டும் ஏற்கும், 2022-இல் வந்த ஏஎம்5 டிடிஆர்5-ஐ மட்டும். ஒன்றின் ராம் மற்றதில் பொருந்தாது. கையில் நல்ல டிடிஆர்4 ராம் இருந்தால் ஏஎம்4-இல் பொருந்தும் ரைசன் 5 5600 ப்ராசசரை எடுப்பதே என் பரிந்துரை. மிச்சமாகும் பணத்தைக் கிராஃபிக்ஸ் கார்டில் போடுங்கள், கேமில் வித்தியாசம் தெரிவது அங்கேதான். ஆனால் பி450 மாதிரி பழைய போர்டு என்றால் பயாஸை (கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) முதலில் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். இல்லையென்றால் திரையில் எதுவும் வராது, போர்டே கெட்டுவிட்டது என்று பலர் பயந்துபோவார்கள். தவிர, 5600-இல் உள்ளமை கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் படமே வராது.

ஏஎம்5-க்கான ரைசன் 5 7600-இல் உள்ளமை கிராஃபிக்ஸ் உண்டு. கார்டைப் பிறகு வாங்கலாம் என்பவர்களுக்கு இது பெரிய வசதி. எல்லாமே புதிதாக வாங்குகிறீர்களா? சரி, அப்போது ஏஎம்5 பக்கம் போங்கள், பின்னாளில் ப்ராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஏஎம்4-க்குப் புதிய தலைமுறை ப்ராசசர்கள் வருவதில்லை.

கூலரைப் பற்றிக் கவலை வேண்டாம், ஏஎம்4 கூலர்கள் பல ஏஎம்5-இலும் பொருந்தும்.