பெண் மனித உரிமைக் காப்பாளர்களுக்கான மூன்று அவசர உதவிச் சேவைகள்: பெருந்தொற்றுக் காலத்தை முன்வைத்து ஒரு மதிப்புரை

பிறரின் உரிமைகளுக்காகப் போராடுவதால் ஆபத்தில் சிக்கிய மனித உரிமைக் காப்பாளர்களுக்கு விரைந்து பணமும் ஆலோசனையும் தொழில்நுட்ப உதவியும் தருவதற்கென்றே சில சர்வதேசச் சேவைகள் இயங்குகின்றன. அவற்றில் மூன்றை இந்த மதிப்புரைக்கு எடுத்துக்கொள்கிறேன்: 1997இல் தொடங்கப்பட்ட அர்ஜென்ட் ஆக்‌ஷன் ஃபண்ட் என்ற பெண்ணிய நிதியம், 2001இல் டப்ளினில் நிறுவப்பட்ட ஃப்ரண்ட் லைன் டிஃபெண்டர்ஸ், ஆக்சஸ் நவ் அமைப்பு நடத்தும் எண்ம (டிஜிட்டல்) பாதுகாப்பு உதவி மையம். மூன்றும் கட்டணம் வாங்காதவை. மூன்றும் நற்பெயர் பெற்றவை. ஆனால் நற்பெயரை அளவுகோலாக வைத்து இத்தகைய சேவையைத் தேர்ந்தெடுக்க முடியாது. வீட்டைவிட்டு வெளியேற வழியே இல்லாத ஒரு பெண்ணுக்கு, அவள் இருக்கும் இடத்திலேயே, இந்தச் சேவையால் என்ன செய்ய முடியும் என்ற கேள்வியை மட்டும் முன்னால் வைத்து மூன்றையும் பார்க்கிறேன்.

அந்தக் கேள்வியை 2020ஆம் ஆண்டுதான் கூர்மையாக்கியது. அதற்கு முன்பு, பாதுகாப்பு என்றால் பெரும்பாலும் இடம் மாற்றுவது என்றே பொருள்கொள்ளப்பட்டது. மிரட்டலுக்கு உள்ளானவரைச் சில மாதங்கள் வேறு ஊருக்கோ வேறு நாட்டுக்கோ அனுப்பிவைப்பார்கள். வழக்கு நடந்தால் பார்வையாளர்கள் நீதிமன்றத்தில் போய் அமர்வார்கள். ஆபத்தான கிராமங்களுக்கு வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் துணைக்குச் செல்வார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று வரையறுத்ததைத் தொடர்ந்து எல்லைகளும் விசா அலுவலகங்களும் விமான நிலையங்களும் மூடப்பட்டபோது, இந்த வழிகள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அடைபட்டன. மறுபுறம், கொலையாளிகளின் வேலை எளிதானது. அவர்கள் தேடும் நபர் எங்கே இருப்பார் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். கொலம்பியாவின் சான் பாப்லோவில் பெண்கள் அமைப்பொன்றில் பணியாற்றிவந்த கார்லோட்டா இசபெல் சலீனாஸ் 2020 மார்ச் 24 அன்று தம் வீட்டருகே சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த ஓராண்டில் 25 நாடுகளில் குறைந்தது 331 மனித உரிமைக் காப்பாளர்கள் கொல்லப்பட்டதாக ஃப்ரண்ட் லைன் டிஃபெண்டர்ஸ் பதிவுசெய்திருக்கிறது. அவர்களில் 177 பேர் கொலம்பியாவைச் சேர்ந்தவர்கள்.

பெண்களுக்கு இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. வீட்டுக்குள் நடக்கும் வன்முறை ஊரடங்கினால் பெருகுவதைக் கண்டு, வீடுகளிலும் போர்நிறுத்தம் வேண்டும் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அந்தோனியோ குத்தேரஸ் 2020 ஏப்ரலில் வேண்டுகோள் விடுத்தார். அந்த வன்முறைக்கு ஆளான பெண்கள் தொலைபேசியில் அழைத்ததும் பல இடங்களில் இந்தக் காப்பாளர்களைத்தான். அவர்களோ பள்ளி மூடப்பட்ட குழந்தைகளையும் நோயுற்ற பெரியவர்களையும் கவனித்தபடி, வருமானம் நின்றுபோன நிலையில், இரவில் அந்த அழைப்புகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண் காப்பாளர்கள் எதிர்கொள்ளும் பாகுபாடும் வன்முறையும் சமூகக் கட்டமைப்பிலேயே வேரோடியவை என்பதை ஐ.நா. பொதுச்சபை 2013 டிசம்பரில் நிறைவேற்றிய 68/181ஆம் தீர்மானத்திலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே ஒரு பெண் காப்பாளருக்கான உதவி, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவையும் இணையக் கட்டணத்தையும் மருந்துச் செலவையும் பாதுகாப்புச் செலவாக ஏற்காவிட்டால், அது அவருடைய வாழ்க்கையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்றே சொல்வேன்.

இந்த அளவுகோலில் முதலிடம் அர்ஜென்ட் ஆக்‌ஷன் ஃபண்டுக்கு. இதன் விரைவு நல்கைக்கு, அதாவது உடனடி நிதியுதவிக்கு, ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். இறுதி நாள் என்று எதுவும் இல்லை. பெருந்தொற்றின்போது இந்த ஒரு விதியே பெரிய உதவி. ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ கதவு திறக்கும் நிதியங்கள், ஒரு வாரத்தில் நிலைமை தலைகீழாக மாறிய அந்த மாதங்களில், எவ்வளவு நல்லெண்ணம் கொண்டவையாக இருந்தாலும் அவசரத்துக்குக் கைகொடுத்திருக்க முடியாது. ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவும் கரீபியனும், ஆசியாவும் பசிபிக்கும் என்று வட்டாரவாரியாகத் தனித்தனியே சகோதர நிதியங்கள் இருப்பது இரண்டாவது பலம். விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு அந்த வட்டாரத்தின் அரசியலும் அங்கே ஒரு பெண் எப்படியெல்லாம் மிரட்டப்படுவாள் என்பதும் ஓரளவு முன்பே தெரிந்திருக்கும். தொலைவில் இருக்கும் அலுவலகத்துக்கு ஒவ்வொன்றையும் முதலிலிருந்து விளக்குவதில் வீணாகும் உழைப்பு எத்தகையது என்பது, விண்ணப்பம் எழுத உதவிய எவருக்கும் தெரியும்.

ஆனால் நான் இதை முதலில் வைப்பதற்கு முக்கியக் காரணம் வேறு. காப்பாளர்களின் களைப்பு, துக்கம், தூக்கமின்மை ஆகியவற்றைத் தனிப்பட்ட பலவீனமாகக் கருதாமல் பாதுகாப்புப் பிரச்சினையாகவே கருத வேண்டும் என்பதை, பெண் செயற்பாட்டாளர்கள் பலருடன் நடத்திய நேர்காணல்களின் அடிப்படையில், இந்த நிதியம் 2007இலேயே நூலாக வெளியிட்டிருந்தது. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அடங்கிய மெசோஅமெரிக்கப் பகுதியில் 2010இல் உருவான பெண் காப்பாளர்களின் கூட்டமைப்பும் இதே சிந்தனையில்தான் தன் பாதுகாப்பு முறையைக் கட்டியெழுப்பியது. தொற்று வந்த பிறகு, நலனும் பராமரிப்பும் பற்றிப் பேசாத உதவி அமைப்பே இல்லை என்ற நிலை வந்தது. ஆனால் முன்பே அவ்வாறு சிந்தித்திருந்தவர்களிடம் ஒரு பெண் தன் தேவையைச் சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. இது சிறிய வேறுபாடு அன்று. ஓய்வு வேண்டும் என்று கேட்பதையே குற்றமாக எண்ணும் பெண்கள் இந்தத் துறையில் ஏராளம்.

ஃப்ரண்ட் லைன் டிஃபெண்டர்ஸின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அதன் அவசரத் தொலைபேசி இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. பாதுகாப்பு நல்கையாக 7,500 யூரோ வரை பெறலாம். வழக்குச் செலவு, மருத்துவச் செலவு, வீட்டுக்கும் அலுவலகத்துக்குமான பாதுகாப்பு ஏற்பாடுகள், தகவல்தொடர்புப் பாதுகாப்பு ஆகியவற்றோடு, சிறையில் இருக்கும் காப்பாளரின் குடும்பத்துக்கான உதவியும் அதன் பட்டியலில் இருக்கிறது. இந்தக் கடைசி அம்சம் தொற்றுக் காலத்தில் எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு ஈரானைப் பார்த்தால் போதும். நெரிசல் மிகுந்த சிறைகளில் இருப்போரை, குறிப்பாகக் கருத்துக்காகச் சிறைப்பட்டோரை, விடுவிக்குமாறு ஐ.நா. மனித உரிமை ஆணையர் மிஷேல் பச்சலெட் 2020 மார்ச்சில் அரசுகளைக் கேட்டுக்கொண்டார். ஈரான் பல்லாயிரம் கைதிகளைத் தற்காலிகமாக வெளியே விட்டது. ஆனால் ஏற்கெனவே சிறையில் இருந்த மனித உரிமை வழக்கறிஞர் நஸ்ரின் சொதூதே உள்ளேயே வைக்கப்பட்டார். அரசியல் கைதிகளை விடுவிக்கக் கோரி அவர் ஆகஸ்டில் உண்ணாவிரதம் தொடங்கினார். நவம்பரில் தற்காலிகமாக வெளிவந்தபோது அவருக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. டிசம்பரில் மீண்டும் சிறைக்கு அனுப்பப்பட்டார். சிறையில் சந்திக்க அனுமதி மறுக்கப்பட்டு, விசாரணை தள்ளிப்போடப்பட்டு, உள்ளே நோய் பரவுகிறது என்ற செய்தி மட்டும் வந்துசேரும் வீடுகளில், வாடகைக்கும் வழக்கறிஞருக்கும் பணம் கிடைப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். இடமாற்றத்தை நம்பியிருந்த பகுதி முடங்கியபோதும் இந்தப் பகுதி பயனுள்ளதாகவே இருந்திருக்கும் என்பதால், சிறைப்பட்டவரின் குடும்பத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஆக்சஸ் நவ் உதவி மையம் பணம் தருவதற்கான இடம் அன்று. கணக்கு களவாடப்பட்டாலோ, படங்களை வைத்து மிரட்டினாலோ, கைப்பேசியில் உளவு மென்பொருள் இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலோ அணுக வேண்டிய இடம். எந்நேரமும் இயங்குகிறது, இரண்டு மணி நேரத்துக்குள் முதல் பதிலைத் தர முனைகிறது. எல்லாக் கூட்டமும் திரைக்கு மாறிய ஆண்டில் இதன் தேவை பல மடங்கானது. 1989இல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கப் போராட்டம் ஒடுக்கப்பட்டதை நினைவுகூரும் கூட்டங்களை நடத்திய செயற்பாட்டாளர்களின் கணக்குகளைச் சீன அரசின் கோரிக்கைக்குப் பிறகு ஜூம் நிறுவனம் முடக்கியதும், எதிர்ப்புக்குப் பின் 2020 ஜூனில் மீட்டளித்ததும், வசதியான கருவி பாதுகாப்பான கருவியாகிவிடாது என்பதைக் காட்டின. உரையாடலைப் பிறர் ஒட்டுக்கேட்க முடியாதபடி மறையாக்கம் செய்யும் சிக்னல் செயலியில் குழுக் காணொலி அழைப்பு வந்ததே அந்த ஆண்டு டிசம்பரில்தான். ஒரு குறையை மட்டும் சொல்ல வேண்டும்: மிரட்டுபவர் ஒரே வீட்டில் இருந்து அதே கைப்பேசியைக் கையாளும் நிலையில், தொலைதூரத்து நிபுணரின் ஆலோசனையைப் பெறுவதே ஆபத்தாகலாம். அத்தகைய பெண்ணுக்கு, நம்பகமான தோழி ஒருவரின் கருவியிலிருந்து பேசுவதே நல்லது.

மூன்றுக்கும் பொதுவான குறைகளில் மொழியை முதலில் வைக்கிறேன். ஆக்சஸ் நவ் மையம் குறிப்பிட்ட சில மொழிகளில் மட்டுமே உதவுகிறது. ஃப்ரண்ட் லைன் டிஃபெண்டர்ஸின் அவசரத் தொலைபேசி ஆங்கிலம், அரபு, பிரெஞ்சு, ஸ்பானியம், ரஷ்யன் ஆகிய மொழிகளில் இயங்குகிறது. தமிழ் இவற்றில் இல்லை. நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது ஆங்கிலத்தில் பேசத் தெரிந்தவருக்கே உதவி கிடைக்கும் என்ற நிலை, மீனவப் பெண்களுக்காகவோ தோட்டத் தொழிலாளர்களுக்காகவோ துப்புரவுப் பணியாளர்களுக்காகவோ உழைப்பவரை வரிசையின் கடைசியில் நிறுத்திவிடுகிறது. அடுத்தது பணம் வந்துசேரும் வழி. வெளிநாட்டு நிதி தொடர்பான சட்டங்கள் பல நாடுகளில் இறுகிவருகின்றன. இந்தியா 2020 செப்டம்பரில், தொற்றின் நடுவே, தன் சட்டத்தைத் திருத்தி, அந்நிய நிதி பெற்ற அமைப்பு அதை வேறொரு அமைப்புக்குப் பகிர்ந்தளிப்பதைத் தடைசெய்தது. சிறு குழுக்களைச் சென்றடைந்துகொண்டிருந்த வழி அதனால் அடைபட்டது. இதற்கு இந்தச் சேவைகளைக் குறைசொல்ல முடியாது. ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே எந்த வழியில் பணத்தைச் சட்டப்படி பெறலாம் என்பதை அவர்களிடமும் உள்ளூர் வழக்கறிஞரிடமும் கேட்டுத் தெளிந்துகொள்வது அவசியம்.

விண்ணப்பிக்கப்போகும் பெண்களுக்கு என் பரிந்துரை இது. மிரட்டல் வந்த நாள், நேரம், வழி ஆகியவற்றைத் தாய்மொழியில் உடனுக்குடன் எழுதிவையுங்கள். மொழிபெயர்ப்பதைப் பிறகு யாரேனும் செய்து தரலாம். உங்கள் பணியை அறிந்த, உங்கள் அமைப்புக்கு வெளியே உள்ள இருவரிடம் சான்றுரைக்க முன்கூட்டியே சம்மதம் பெறுங்கள். செலவுத் திட்டத்தில் கண்காணிப்புக் கேமராவையும் பூட்டையும் எழுதிவிட்டுக் குழந்தைப் பராமரிப்பையும் மனநல ஆலோசனையையும் விட்டுவிடாதீர்கள். அவற்றையும் தொகையோடு தனி வரிகளாக எழுதி, அவை இல்லாமல் ஏன் பணியைத் தொடர முடியாது என்பதை அருகிலேயே இரண்டு வாக்கியங்களில் விளக்கிவிடுங்கள்.