முயல் கண்ணா, மாட்டுக் கண்ணா?

கடலூர் சிப்காட்டில் புதிதாக ஒரு கழுவு திரவம் தயாரித்தால், கண்ணில் தெறித்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் டிரம்மில் எச்சரிக்கைச் சின்னம் ஒட்ட முடியாது.

பழைய வழி, 1944-இல் ஜான் டிரேஸ் குழு வகுத்த முயல் சோதனை. ஒரு கண்ணில் 0.1 மில்லி விடுவார்கள். மறு கண் ஒப்பிடுவதற்கு. 21 நாள் வரை பார்ப்பார்கள். புண் ஆறுகிறதா என்று தெரிவது இதில்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் சேதத்தைக் கண்ணால் பார்த்துப் போடும் மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறும். நமக்கு இல்லாத மூன்றாவது இமை வேறு முயலுக்கு இருக்கிறது!

மாட்டுக் கண் சோதனைக்கு இறைச்சிக்கூடத்தில் மிஞ்சும் கண்களே போதும். புதிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கருவிழியைப் பிரித்தெடுத்து, திரவம் என்றால் 10 நிமிடம் விட்டுக் கழுவுவார்கள். அப்புறம் அது எவ்வளவு மங்கியது, சாயம் எவ்வளவு ஊடுருவியது என்று கருவி அளக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் மதிப்பு 55-ஐத் தாண்டினால் கடும் சேதம். 3-க்குள் என்றால் எச்சரிக்கையே தேவையில்லை. இடைப்பட்டதுதான் தலைவலி, வேறு சோதனைக்குப் போக வேண்டும்.

என்னைக் கேட்டால் மாட்டுக் கண்ணில் தொடங்குவதே சரி. அழகுசாதனப் பொருள் என்றால் யோசிக்கவே வேண்டாம்: இந்தியாவில் 2014-இலேயே அவற்றுக்கு விலங்குச் சோதனையைத் தடை செய்துவிட்டார்கள்.