இணையத்தில் ‘புதுப்பிக்கப்பட்ட’ செல்போன் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்: என் 21,499 ரூபாய் போய்விட்டது

சற்று முன்தான் காவல் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்தேன். பணம் கொடுத்து வாங்கிய செல்போனை அங்கே மேசைமேல் வைத்து, ‘ஒப்படைத்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். 21,499 ரூபாய். பதினோரு மாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் ‘போனால் போகட்டும்’ என்று விட்டுவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. முதலில் நடந்ததைச் சொல்கிறேன். வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

பழைய செல்போன்களை வாங்கி, பழுது பார்த்து, ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று விற்கும் இணையதளம் அது. பெயரை எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன், அதற்குள் எதையும் எழுதிச் சிக்கலாக்க விரும்பவில்லை. சிறிய கடையோ நேற்று முளைத்த தளமோ அல்ல என்று மட்டும் சொல்கிறேன். ஆயிரக்கணக்கான பேர் நட்சத்திரம் போட்டிருந்தார்கள்.

பழைய செல்போன் வாங்குவதே தவறு என்று சொல்பவள் அல்ல நான். நல்ல நிலையில் இருக்கும் ஒரு கருவியைக் குப்பையில் போடுவதைவிட இன்னொருவர் கைக்கு அது போவது நல்லதுதான். கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் சம்பளத்துக்குப் புதிய செல்போனுக்கு நாற்பதாயிரம் கொடுக்க முடியாது. அதே மாடல் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

கோவை சாலையில் உள்ள ஒரு செல்போன் கடையில் அதே மாடல் பழையது இருந்தது. 23,000 ரூபாய் சொன்னார். “பில் தருகிறேன். எனக்கு இதை விற்றவருடைய ஆதார் நகலும் வாங்கி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் பாருங்கள்” என்றார். அப்போது அந்தப் பேச்சின் மதிப்பு எனக்குத் தெரியவில்லை. அம்மாவும் சொன்னார்: “கண்ணு, கையில் எடுத்துப் பார்க்காமல் எதற்குப் பணம் கட்டுகிறாய்?” நான், “முப்பத்திரண்டு சோதனை செய்து, சான்றிதழோடு, ஆறு மாத உத்தரவாதத்தோடு தருகிறார்கள் அம்மா” என்றேன். கடைக்கும் தளத்துக்கும் வித்தியாசம் 1,501 ரூபாய். அந்த 1,501 ரூபாய்க்காக 21,499 ரூபாயை இழந்திருக்கிறேன்.

பார்சல் வந்த அன்று மழை. கொண்டுவந்த தம்பி தொப்பலாக நனைந்திருந்தார். “அக்கா, ஓடிபி சொல்லிவிடுங்கள், இன்னும் பதினெட்டு வீடு இருக்கிறது” என்றார். பெட்டியைப் பிரிக்காமலே சொல்லிவிட்டேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மழையில் ஒருவரை நிறுத்திவைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே செல்போனுக்கு மேலே ஓர் அட்டை இருந்தது. கல்யாணப் பத்திரிகை அளவுக்குத் தடிமன், ஓரமெல்லாம் பச்சைக் கோடு. முப்பத்திரண்டு வரி, வரிக்கு ஒரு பச்சை டிக். திரை சரி, பேட்டரி சரி, கேமரா சரி. பத்தொன்பதாவது வரி: ‘ஐஎம்இஐ எண் சரிபார்க்கப்பட்டது’. ஒவ்வொரு செல்போனுக்கும் உரிய தனி அடையாள எண் அது. கீழே நீல மையில் சோதித்தவர் கையெழுத்து. ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று நம்பினேன். நான் ஏமாந்த இடம் இதுதான். நேற்று இரவு விரலை நனைத்து அந்தக் கையெழுத்தைத் தேய்த்துப் பார்த்தேன். மை கலையவே இல்லை. அச்சடித்த கையெழுத்து. எத்தனை ஆயிரம் பெட்டிகளில் அதே கையெழுத்து போயிருக்கிறதோ!

நாற்பத்தாறு நாள் செல்போன் அருமையாக வேலை செய்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது. நாற்பத்தேழாவது நாள் காலை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது கோபுரக் குறி மறைந்து ‘சேவை இல்லை’ என்று வந்தது. அணைத்துப் போட்டேன். சிம்மை எடுத்துத் துடைத்துப் போட்டேன். பக்கத்து மேசைப் பெண்ணின் சிம்மைப் போட்டுப் பார்த்தேன், அதிலும் அதே செய்தி. அலுவலக வைஃபையில் மட்டும் எல்லாம் ஓடியது. அன்று முழுவதும் அம்மா என்னை அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. மாலை நான் வீட்டுக்குப் போனபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் சிம் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் என் சிம்மைத் தன் செல்போனில் போட்டார், வேலை செய்தது. பிறகு என் செல்போனில் நட்சத்திரக் குறி, ஹாஷ் குறி, 06, மறுபடியும் ஹாஷ் குறி தட்டினார். பதினைந்து இலக்கத்தில் இரண்டு ஐஎம்இஐ எண்கள் வந்தன. அதில் ஒன்றைத் தன் செல்போனிலிருந்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினார். பதில் வந்ததும் திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்புப் பட்டியலில் இருக்கும் எண். “அக்கா, இது யாரிடமிருந்தோ திருட்டுப்போன செல்போன் போலிருக்கிறது” என்று மெதுவாகத்தான் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் எந்தக் கணக்கில் எழுதுவது?

அவர் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. செல்போன் தொலைந்தாலோ திருட்டுப்போனாலோ உரியவர் காவல் துறையில் புகார் கொடுத்து, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பதிவு செய்யலாம். அந்த ஐஎம்இஐ எண்ணைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்து, நாட்டிலுள்ள எல்லா நிறுவனங்களின் நெட்வொர்க்கிலும் முடக்கிவிடுவார்கள். 2023 மே மாதத்திலிருந்து இது நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. செல்போனைப் பறிகொடுத்தவருக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் தெரியாமல் வாங்கியவர் கையில் அது வெறும் கண்ணாடிப் பலகையாகிவிடுகிறது. எந்த சிம்மைப் போட்டாலும் பேச முடியாது.

2025 டிசம்பரில் இந்த சஞ்சார் சாத்தி செயலியை எல்லாப் புதிய செல்போன்களிலும் கட்டாயமாக ஏற்ற வேண்டும் என்று அரசு சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கியது நினைவிருக்கும். என் செல்போனில் என்ன இருக்க வேண்டும் என்று அரசு முடிவு செய்யக்கூடாது என்று நானும் அப்போது வாதாடினேன். இப்போதும் அதுவே என் கருத்து. ஆனால் எந்தச் செயலியும் இல்லாமல் ஒரே ஒரு குறுஞ்செய்தியில் திருட்டுச் செல்போனைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதை அந்த விவாதத்தில் ஒருவராவது எடுத்துச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. தெரிந்திருந்தால் என் 21,499 ரூபாய் என்னிடமே இருந்திருக்கலாம். அதே 2025இல் திருத்தப்பட்ட தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகளில், பழைய செல்போன் விற்கிறவர்கள் விற்பதற்கு முன்பே இந்தக் கறுப்புப் பட்டியலோடு எண்ணை ஒப்பிட வேண்டும் என்றும் வந்திருக்கிறது. அட்டையில் பச்சை டிக் போடத் தெரிந்தவர்களுக்கு அதை ஒப்பிட மட்டும் தெரியாமல் போயிற்றா?

இனி அவர்கள் என்னை அலைக்கழித்ததைச் சொல்கிறேன்.

தளத்தில் மனிதரோடு பேச வழியே இல்லை. ஒரு தானியங்கி உரையாடல் பெட்டி. ‘நெட்வொர்க் இல்லை’ என்று தட்டினால், செல்போனை அணைத்துப் போடச் சொன்னது. ‘திருட்டுச் செல்போன்’ என்று தட்டினால், ‘உங்கள் செல்போனை எங்களிடம் விற்க விரும்புகிறீர்களா?’ என்று கேட்டது. நான்கு முறை தட்டிய பிறகு ஒரு புகார் எண் கிடைத்தது. மூன்றாம் நாள் அந்தப் புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி. சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கூடவே ஒரு கேள்வி.

இரண்டாவது புகாருக்கு ஒருவர் அழைத்தார். “நெட்வொர்க் பிரச்சினை உத்தரவாதத்தில் வராது மேடம், உங்கள் சிம் நிறுவனத்தைக் கேளுங்கள்” என்றார். சிம் நிறுவனம் சொன்னதைச் சொன்னேன். “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். அடுத்து ஒரு பெண். ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்றார். நாற்பத்தேழாவது நாள் முடங்கியதை ஏழாவது நாள் எப்படித் திருப்பி அனுப்புவது என்று கேட்டேன். பதில் இல்லை. அதற்கடுத்தவர், “நாங்கள் இடையில் இருக்கும் தளம் மட்டும்தான், விற்றவர் வேறு” என்றார். விற்றவர் யார் என்று கேட்டால், அந்த விற்பனையாளர் இப்போது தளத்தில் இல்லையாம்! பணத்தை வாங்கிக்கொண்டது யார்? அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது யாருடைய பெயர்?

கடைசியில் வந்த மின்னஞ்சலைப் படித்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. ‘நீங்கள் குறிப்பிடும் ஐஎம்இஐ எண் எங்கள் பில்லில் உள்ள எண் அல்ல. எனவே இது நாங்கள் விற்ற கருவி அல்ல.’ பதறிப்போய் பில்லைத் திறந்தேன். உண்மைதான். செல்போனில் வரும் இரண்டு எண்களோடும் பில்லில் இருக்கும் எண் ஒத்துப்போகவில்லை. முதல் பதினோரு இலக்கம் ஒன்று, கடைசி நான்கு வேறு. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டில் பில்லில் உள்ள எண்தான் இருந்தது. அந்தச் சீட்டின் மூலையை நகத்தால் நெம்பினேன். அடியில் கிழிந்த இன்னொரு சீட்டின் வெள்ளைத் தடம்.

வேண்டுமென்றே மாற்றினார்களா, கிடங்கில் தவறு நடந்ததா, எனக்குத் தெரியாது. ஆனால் நான் திருட்டுச் செல்போனைக் காட்டிப் பணம் பறிக்கப் பார்க்கிறேன் என்று சொல்வதைப்போல அந்த மின்னஞ்சல் இருந்தது. பெட்டி பிரித்தபோது எடுத்த காணொளி இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். இல்லை. யார் எடுக்கிறார்கள்? நல்லெண்ண அடிப்படையில் அடுத்த கொள்முதலுக்கு 500 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்று கடைசி வரி. 21,499 ரூபாய்க்கு 500 ரூபாய், அதுவும் மறுபடியும் அவர்களிடமே வாங்கினால்.

இன்று மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு, என் தம்பியையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். பயமாகத்தான் இருந்தது. திருட்டுப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு போகிறோமே, என்னையே குற்றவாளியாக்கிவிடுவார்களோ என்று. உதவி ஆய்வாளர் பில், பணம் கட்டிய வங்கிக் கணக்கு விவரம், மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். “நீங்களாகவே கொண்டுவந்தது நல்லது அம்மா. நாங்கள் தேடி வந்திருந்தால் அலைச்சல் அதிகமாகியிருக்கும்” என்றார். செல்போனை வாங்கிக்கொண்டு ஒப்புகைச் சீட்டு கொடுத்தார். மனிதர் நன்றாகவே நடந்துகொண்டார்.

கொடுப்பதற்கு முன் என் படங்களையெல்லாம் அழித்தேன். அப்போதுதான் தோன்றியது: எனக்கு முன்னால் இதில் படங்கள் வைத்திருந்த ஒருவர் எங்கோ இருக்கிறார். பஸ்ஸிலோ ரயிலிலோ பறிகொடுத்துவிட்டு, புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். அவருக்கு இது போய்ச் சேர்ந்தால் நல்லது. மனதாரத்தான் சொல்கிறேன். ஆனால் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து 21,499 ரூபாயை எண்ணி வைத்துக்கொண்டவர்கள் மட்டும் சுகமாக இருக்கிறார்கள். அதுதான் தாங்கவில்லை.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது முடியவில்லை, நேரமும் ஆகிவிட்டது. இவற்றை மட்டும் மறக்காதீர்கள்.

பழைய செல்போனை எங்கே வாங்கினாலும், பணம் கொடுப்பதற்கு முன் ஐஎம்இஐ எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு அந்தப் பதினைந்து இலக்க எண். 14422க்கு அனுப்புங்கள். கறுப்புப் பட்டியல் என்றோ, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்றோ, போலி என்றோ வந்தால் வாங்காதீர்கள். எண்ணைத் தர மறுக்கும் தளத்தில் வாங்கவே வாங்காதீர்கள். பார்சல் வந்தால் மழையோ வெயிலோ, பிரித்துப் பார்த்து, பில்லில் உள்ள எண்ணும் செல்போனில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகு ஓடிபி சொல்லுங்கள். தம்பியோ தங்கையோ யாரையாவது பக்கத்தில் நிறுத்திக் காணொளி எடுக்கச் சொல்லுங்கள்.

ஏமாந்துவிட்டால் 1915க்கு அழைத்து நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். என் புகாரை மூன்று நாளில் ‘தீர்த்த’ கதையைத்தான் மேலே படித்தீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், ‘இ-ஜாக்ரிதி’ தளம் வழியாக வீட்டிலிருந்தும் பதியலாம்.

நான் நேரிலேயே போகிறேன். பில், மின்னஞ்சல்கள், காவல் நிலைய ஒப்புகைச் சீட்டு எல்லாம் அச்செடுத்துக் கோப்பில் வைத்தாயிற்று. அந்த அட்டையும் பெட்டியும் பையில் இருக்கின்றன. பெட்டியின் சீட்டைத் தெரியாமல் யாரும் பிரித்துவிடக் கூடாது என்று அம்மா அதன்மேல் ஒரு பாலித்தீன் உறையைச் சுற்றிக் கட்டிவைத்திருக்கிறார்.