கிருஷ்ணகிரியிலிருந்து டெல்லிக்கு விமானம்: மூன்று வருஷ அனுபவம்

எதிர்வீட்டு அக்கா மகனுக்கு டெல்லியில் வேலை கிடைத்திருக்கிறது. "பிளைட்ல எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?" என்று கேட்டார். பெங்களூரிலிருந்து இரண்டே முக்கால் மணி நேரம் என்று சொல்ல வாயெடுத்தேன், மனசு வரவில்லை. மகள் அங்கே படிக்கிறாள். மூன்று வருஷமாகப் போய் வருகிறேன். ஒரு தடவைகூட அந்தக் கணக்கில் டெல்லி போய்ச் சேர்ந்ததில்லை.

விமானத்தைக் குறை சொல்லவே மாட்டேன். பெங்களூரும் டெல்லியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், 77 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. அதனால் நேர் வடக்கே சுமார் 1,700 கி.மீ. துங்கபத்திரா, கிருஷ்ணா, கோதாவரி, நர்மதை என்று வரிசையாக ஆறுகளைத் தாண்டிப் போகும். காலை விமானம் என்றால் இடது ஜன்னல் கேளுங்கள், வெயில் கண்ணில் அடிக்காது. மேகமில்லாத நாளில் நர்மதையைப் பார்த்துவிட்டால் கொடுத்த காசு மறந்துபோகும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் சேர்த்திதான். வானத்தில் இருப்பது இன்னும் குறைவு.

வயிற்றெரிச்சல் எல்லாம் பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி போய்ச் சேரும் 130 கி.மீ.தான். ஓசூர், அத்திப்பள்ளி, சில்க் போர்டு, ஹெப்பால். இந்த நான்கில் எது எப்போது கழுத்தை நெரிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. போன மாதம் 9.40 விமானத்துக்கு விடிகாலை நாலரைக்கே காரில் ஏறினோம். ஓசூருக்கு முன்னால் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. இரண்டு மணி நேரம் அசையவில்லை. ஏர்போர்ட்டில் ஓடிப்போய் நின்றபோது 8.50. கவுன்டரை 8.40க்கே மூடிவிட்டார்கள். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையில் செந்தூரா பழப்பெட்டி, மனைவி கட்டிக்கொடுத்த தொக்கு டப்பாவிலிருந்து நல்லெண்ணெய் கசிந்து பை அடியெல்லாம் மஞ்சள். மகளுக்குப் போன் போட்டு என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். ஆனால் பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தத்தில், 2033 வரை 150 கி.மீ. சுற்றளவில் புதிதாக ஒன்று வரக்கூடாது என்று இருக்கிறது. அதற்குள் மகள் படித்து முடித்து, வேலைக்கே போயிருப்பாள். ரயிலாவது உண்டா என்றால், மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு ஸ்டேஷனே கிடையாது. எத்தனை வருஷக் கோரிக்கை அது!

சரி, அக்காவிடம் என்ன சொன்னேன் என்றால், பையன் பஸ்ஸில் சேலம் போய் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறட்டும். ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும், ஆகட்டும். நேராகப் புதுடெல்லியில் இறங்கலாம், தொக்கு டப்பாவும் கூடவே போய்ச் சேரும்.